உப்பு போட்ட கிழங்கு

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம், கூடவே ஒரு சீனப் பையன். "டீச்சர், எங்க வீட்ல ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. உங்க அம்மா அப்பா அந்தக் காலத்துல எப்படிச் சமாளிச்சாங்க?" என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற கதையில்லை அது. தேநீர் கொடுத்து, தோன்றிய இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் கார் ஏறிப் போன பிறகுதான், சொல்லாமல் விட்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது 1953இல், மலாயாவில் (இன்றைய மலேசியா), பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா தமிழர், பால் வெட்டும் தொழிலாளி. அம்மா கண்டோனியச் சீனர், பட்டணத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். சொந்தக்காரர்கள் பலர் இன்னும் அதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். அதனால் யார் பெயரும் இதில் இருக்காது, தோட்டத்தின் பெயரும் இருக்காது.

1937இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தபோது மலாயாச் சீனர்கள் ஊர் ஊராக நிவாரண நிதி திரட்டி அனுப்பினார்கள். அம்மாவின் அப்பா கடை வாசலில் உண்டியல் வைத்துப் பணம் சேர்த்தவர். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ விழுந்துவிட்டது. நிதி கொடுத்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். 1942இன் தொடக்கத்தில் ஒரு நாள் காலை தாத்தாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

அம்மாவுக்கு அப்போது 17 வயது. போபோவும் அம்மாவும் கடையை அப்படியே விட்டுவிட்டு, தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே உறவினர் ஒருவர் போட்டிருந்த காய்கறித் தோட்டத்துக்கு ஓடினார்கள். (கண்டோனியத்தில் அம்மாவைப் பெற்ற பாட்டியைப் போபோ என்போம்.) அம்மாவின் அண்ணன் காட்டுக்குள் போய், கம்யூனிஸ்டுகள் நடத்திய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையில் சேர்ந்தார்.

ஒரு நாள் மத்தியானம் சிப்பாய்கள் வருகிறார்கள் என்று கூச்சல் கேட்டது. கீரைப் பாத்தியில் நின்றுகொண்டிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்குள் ஓடியவர், என் அப்பாவைப் பெற்ற அப்பாயி. அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் பழைய சேலையை அம்மாவுக்குச் சுற்றி, முகத்தில் அடுப்புக்கரி தேய்த்து, பொட்டு வைத்து, தலையில் முக்காடு போட்டு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை மடியில் கொடுத்து இருட்டு மூலையில் உட்கார வைத்தார். வாயைத் திறக்காதே என்று சைகை காட்டினார். சிப்பாய் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு மூன்று மாதம் அம்மா அந்த வீட்டிலேயே இருந்தார். அந்த லயத்தில் இருபது வீடுகள். ஒருவர்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் அரிசி கிடைத்திருக்கும். அன்றைக்கு அரிசிக்காக என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடிய நிலைமை.

தோட்டத்துப் பஞ்சத்தை அனுபவித்தவர்கள் சொல்லித்தான் கேட்க வேண்டும். வெள்ளைக்கார துரைமார்கள் ஓடிவிட்டார்கள். கப்பல் இல்லை, ரப்பருக்கு விலை இல்லை, வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு, நாளாக நாளாக வெறும் காகிதமாகிப் போனது. கோணிச்சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். மலேரியாவுக்கு மருந்து கிடையாது. லயத்துக்குப் பின்னால் காலி இடம் எதிலும் மரவள்ளிதான். காலையில் கிழங்கு, ராத்திரியில் கிழங்கு. அதைத் தொட்டுக்கொள்ள உப்புகூட இல்லை. உப்பு அந்தக் காலத்தில் தங்கம் மாதிரி என்று அப்பா சொல்வார். யாராவது வீட்டில் கிழங்கு அவிக்கும்போது உப்பு விழுந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடுமாம்.

1943இல் லாரிகள் தோட்டத்துக்கு வந்தன. சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலை, மூன்று மாதம்தான், நல்ல சம்பளம், சாப்பாடு உண்டு என்று முதலில் இனிப்பாகச் சொன்னார்கள். பிறகு ஆள் போதாமல், கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து ஏற்றினார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். என் பெரியப்பா முதல் லாரியிலேயே போனவர். அவருக்குச் சமாதி இல்லை. செத்த தேதி தெரியாததால் இன்றைக்கும் ஆடி அமாவாசையில்தான் படைக்கிறோம்.

இரண்டாவது லாரி வரும் என்று தெரிந்ததும், 21 வயதிலிருந்த அப்பாவைப் போபோ தன் குடிசைக்குப் பின்னால், காட்டோரத்துப் பரண் ஒன்றில் ஒளித்துவைத்தார். அப்பாயி கேட்கவில்லை. போபோவாகவே ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டார். தன் மகளைக் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளை என்ற கணக்கு. பகலில் அடுப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ராத்திரியில் அவித்த கிழங்கை வாழையிலையில் சுற்றி அம்மாதான் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அந்தக் கிழங்கில் உப்பு இருந்தது. அப்பா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. "இத்தனை பஞ்சத்துல எனக்கு உப்பு போட்டுக் கொண்டாந்தாளே" என்பார். அவருக்குக் காதல் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். பேச இருவருக்கும் பொதுவான மொழி என்று இருந்தது கொஞ்சம் பசார் மலாய் (கடைத்தெருவில் பேசும் எளிய மலாய்) மட்டும்தான்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. இனி நல்ல காலம் என்று அப்பா நினைத்திருக்கிறார். வீட்டில் போய்ச் சொன்னார். அப்பாயி சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"உசிரக் காப்பாத்துனது வேற. வீட்ல வெளக்கேத்த விடறது வேற."

என் மாணவிக்கு முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். உன் அம்மா அந்தப் பையனுக்குத் தோசை சுட்டுக் கொடுத்திருப்பார். தீபாவளிக்கு வந்தபோது சிரித்துப் பேசியிருப்பார். அதையெல்லாம் சம்மதம் என்று எண்ணிவிடாதே. விருந்தாளிக்குத் திறக்கிற கதவு வேறு, மருமகனுக்குத் திறக்கிற கதவு வேறு என்று நினைக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்பாயி நல்லவர். ஊர் பேர் தெரியாத பெண்ணுக்காக உயிரையே பணயம் வைத்தவர். அவருக்கே இரண்டாவது கதவைத் திறக்க ஏழு வருஷம் ஆயிற்று. "அன்னைக்கு அவ்வளவு பாசமா இருந்தீங்களே" என்று அப்பா வாதாடினாராம். அது எடுபடவில்லை. நீ இந்த வாதத்தை எடுக்காதே.

லயத்துப் பெரியவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சாதி உண்டு. கப்பலில் வந்தபோது கூடவே வந்தது. அம்மாவை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மேலே என்றும் சொல்ல முடியாது, கீழே என்றும் சொல்ல முடியாது. கோயிலில் முடிவு எடுத்தார்கள்: அம்மா பால்குடம் எடுக்கக்கூடாது, கோயில் பாத்திரத்தைத் தொடக்கூடாது, வேண்டுமானால் வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்தில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. முடிவும் மாறவில்லை.

சீனர்கள் பக்கம் எளிதாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். காட்டிலிருந்து இறங்கிவந்த மாமா, தமிழன் என்றதும் காறித் துப்பினார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, தோட்டத்துத் தமிழர்கள் ஆணும் பெண்ணுமாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டுப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். எங்களுக்கு அது இந்தியாவின் விடுதலை. மாமாவின் கண்ணுக்கோ, தன் அப்பாவைக் கொன்றவனோடு கைகோத்துப் போனவர்கள். நம்மவர்களுக்கு மறுபக்கம், சீனன் என்றாலே காட்டுக்காரன், கம்யூனிஸ்ட். ஒரே போரை இரண்டு சனங்களும் வேறுவேறாக அனுபவித்திருந்தார்கள். அதை ஒருவருக்கொருவர் உட்கார்ந்து பேசிக்கொள்ளவே இல்லை. வெறுப்புக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒரு சாவு இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டுப் படியேறினால் நாம் பேசுவது எதுவும் காதில் விழாது. பையனின் தாத்தா பாட்டிக்கு அந்த நாலு வருஷத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டாயா என்று என் மாணவியிடம் கேட்டேன். அவள் கேட்டதில்லை.

1946இல் அப்பாவும் அம்மாவும் ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். மஞ்சள் கயிறு, இரண்டு மாலை, சாட்சிக்கு இரண்டு பேர். போபோ வந்திருந்தார். மாமா வரவில்லை. அப்பாயி லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாராம்.

அந்தக் காலத்தில் பேராக்கில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கலப்புக் குடும்பம் இருந்தது. ஈப்போவுக்குப் பக்கத்தில் பாப்பான் என்ற ஊரில் போராளிகளுக்கு வைத்தியம் பார்த்து, கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசிடம் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு. அவர் யுரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பினத்தவர்), கணவர் ஒரு தமிழர், மருத்துவர். அவருக்கு பிரிட்டிஷ் அரசின் வீரப் பதக்கமான ஜார்ஜ் மெடல் கிடைத்தபோது தோட்டத்தில்கூடப் பெருமையாகப் பேசினார்கள். "அந்த அம்மாவைத் தெய்வம்னு சொன்ன அதே வாய்தான் என்னைத் தெருவுல நிறுத்தி ஏசிச்சு" என்று அம்மா ஒருமுறை சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புரியாமல்தான் சொன்னார்.

அப்புறம் வந்தது அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் போராளிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. அது ஆரம்பித்த இடமே எங்கள் ஊர். லயத்தைச் சுற்றி முள்கம்பி, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை, ஊரடங்கு, வேலைக்குப் போகும்போது சோறு கொண்டுபோகிறார்களா என்று வாசலில் சோதனை. 1950க்குப் பிறகு காட்டோரத்தில் குடியிருந்த சனங்களை லாரியில் ஏற்றிப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள். போபோவின் காய்கறித் தோட்டத்தை எரித்துவிட்டு, அவரையும் அப்படிக் கொண்டுபோனார்கள். மாமாவைச் சிறையில் வைத்து, பிறகு சீனாவுக்கு நாடு கடத்தினார்கள்.

போராளியின் தங்கை லயத்தில் இருக்கிறாள் என்று யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். அம்மாவையும் புதுக்கிராமத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அன்றைக்கு அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? கோயிலில் அவரை வெளியே நிற்கச் சொன்ன அதே பெரிய கங்காணி. "இது எங்க தோட்டத்துப் புள்ள, நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தார். ஆபத்து வந்ததும் மறுபடி அம்மா அவர்களுடைய பிள்ளையாகிவிட்டார். ஆபத்து போன பிறகு மறுபடி கோயிலுக்கு வெளியே. நான் வளர்ந்த பிறகு இதை நினைத்து நினைத்துப் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன். அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

அப்பாயி மாறியதைச் சொல்ல வேண்டும். வாதாடி மாறவில்லை. அண்ணன் பிறந்தபோது மாறவில்லை, அக்கா பிறந்தபோதும் மாறவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரு காரியத்தை மட்டும் விடாமல் செய்தார்கள்: ஒவ்வொரு வருஷமும் ஆடி அமாவாசைக்குப் பெரியப்பாவுக்குப் படையல் போட்டார்கள். சமைத்தது அம்மா. படைத்ததில் ஒரு பங்கை மூடிவைத்து அப்பாயி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவார். முதல் சில வருஷம் அது அப்படியே கிடக்கும், நாய்தான் தின்னும். ஒரு வருஷம் பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் பாத்திரத்தோடு அப்பாயியே வந்தார். செத்துப்போன தன் மூத்த பிள்ளையை அந்தத் தோட்டத்தில் தேதி தவறாமல் நினைத்தவள் இந்தச் சீனத்திதான் என்பது அவர் மனதை அசைத்திருக்க வேண்டும். நான் பிறந்தபோது மருந்துச்சரக்கு இடித்துக் கொடுத்தது அப்பாயிதான்.

லயத்தைப் பொறுத்தவரை, முதலில் எங்கள் பக்கம் வந்தது ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த ஒரு கிழவி. மற்றவர்கள் முணுமுணுத்தபோதும் அண்ணனைத் தூக்கி மற்றப் பிள்ளைகளோடு தூளியில் போட்டார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் ஆளும் அவர்தான். ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. உன் வீட்டில் கைநனைக்கிற ஒரு ஆள் போதும், அவரைப் பார்த்து இரண்டாவது ஆள் வருவார். அந்த ஒரு ஆளைக் கண்டுபிடித்து நன்றாக வைத்துக்கொள்.

பிறகு, கடன் புத்தகம். சம்பளத்துக்குச் சம்பளம் பட்டணத்துச் சீனக் கடையில்தான் எல்லோருக்கும் பற்று. என் சின்ன வயதில் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குட்டி 555 நோட்டு ஆணியில் தொங்கும். கடை முதலாளி தவுக்கே வைத்திருக்கும் பெரிய கணக்கில் இருப்பது சீன எழுத்து. படிக்கத் தெரியாததால், ஏமாற்றுகிறான் என்ற சந்தேகம் எப்போதும் இருந்தது. அம்மா மளிகைக்கடையில் வளர்ந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர். சம்பள நாளில் ஒரு பெண்ணுக்காகத் தவுக்கேயின் கணக்கைப் படித்து, "சரியாத்தான் எழுதியிருக்கான், நீதான் சீனி வாங்கினத மறந்துட்ட" என்றார். இன்னொரு வீட்டுக்கு 3 காத்தி (அந்தக் கால எடை அளவு) அரிசி 5 என்று விழுந்திருந்தது. சண்டை போடாமல், கடைக்குள் போய்க் கண்டோனியத்தில் மெதுவாகப் பேசித் திருத்திக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு சம்பள நாள் என்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மாவை இனத்துரோகி என்று ஏசிய தவுக்கேயும், கணக்குத் தகராறு என்றால் அம்மாவைக் கூப்பிடு என்று சொல்ல ஆரம்பித்தார்.

இதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. பயன்பட்டதால் சேர்த்துக்கொண்டார்கள். கணக்குத் தெரியாத, ஊமையான, ஒன்றும் செய்யத் தெரியாத ஒரு பெண்ணாக அம்மா இருந்திருந்தால் அவரை அப்படியே விட்டிருப்பார்கள். எந்த மருமகளும் தன் இடத்தை உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது. என் மாணவியிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: அவர்கள் வீட்டில் உதவு, ஆசையாகச் செய். ஆனால் அவர்கள் மனதை வாங்குவதற்காக என்று உடம்பை வருத்திக்கொள்ளாதே. அம்மா அப்படித்தான் செய்தார். ஐம்பது வயதிலேயே முதுகு வளைந்துவிட்டது.

பிள்ளைகளான எங்கள் பாடு வேறு. தமிழ்ப்பள்ளியில் "சப்ப மூக்கு", புதுக்கிராமத்தில் போபோவைப் பார்க்கப் போனால் "கெலிங்" (இந்தியரை இழிவாகச் சொல்லும் சொல்). எட்டு வயதில் ஒருநாள் பவுடரை அப்பிக்கொண்டு அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் பெயரைச் சீன எழுத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தார். அடுத்த முறை கிண்டல் செய்த பையனின் பெயரையும் எழுதிக் காட்டினேன். வகுப்பே சுற்றி நின்று தங்கள் பெயரை எழுதித் தரச்சொன்னது. வீட்டில் இரண்டு மொழியும் பேசுங்கள், பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னாலும் விட்டுவிடுங்கள். ஒரு மொழியை மறைத்தால், அதைப் பேசுகிற பாட்டியையும் மறைத்ததாகப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தை ஊர்ப் பேச்சைவிட அதிகமாக அலைக்கழித்தது காகிதம்தான். என் பிறப்புப் பத்திரத்தில் அம்மாவின் பெயரை, லயத்தில் கூப்பிடும் தமிழ்ப் பெயராகவே எழுதிவிட்டார் அன்றைய கிராணி (குமாஸ்தா). அம்மாவின் அடையாள அட்டையில் இருந்ததோ சீனப் பெயர். 12 வயதில் நான் அடையாள அட்டை எடுக்கப் போனபோது, உன் அம்மா யார் என்று கேட்டார்கள். அருகிலேயே நின்ற அம்மாவை, இவர் உன் அம்மா என்று ஏற்கவில்லை. அன்று தொடங்கி, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோதும் அதே கேள்வி. கடைசியில் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி, பல பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம். அம்மா பல வருஷம், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார். இந்த மண்ணிலேயே பிறந்தவர் அவர்.

கல்லுமலைக் கோயில் கல்யாணத்துக்கும் பதிவு கிடையாது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன் சமய, வழக்க முறைப்படி நடந்த திருமணங்களைப் பதிவு செய்யப்பட்டவையாகவே ஏற்றுக்கொண்டது. சட்டம் ஏற்றுக்கொண்டாலும், கல்யாணம் நடந்தது என்பதை நாம்தானே காட்ட வேண்டும். சாட்சி இரண்டு பேரும் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். எனவே இன்றைய ஜோடிகளுக்குச் சொல்கிறேன்: முதலில் தேசியப் பதிவிலாகாவில் பதிவு, பிறகு தாலியும் சீனத் தேநீர்ச் சடங்கும். இருவருக்கும் 21 வயது நிறைந்திருந்தால் பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. (நான் சொல்வது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. ஒருவர் முஸ்லிம் என்றால் வேறு சட்டம்.) பிள்ளை பிறந்தால் பத்திரத்தை வாங்கிய அன்றே, கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன், இரண்டு பெற்றோரின் பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சேமநிதியில் வாரிசு பெயரைக் கல்யாணம் ஆனதும் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால் அதையும் குடைந்து பாருங்கள். அப்பாவின் தகரப்பெட்டியில் ஓர் அரிசிப் பங்கீட்டுச் சீட்டு இருந்தது. அதில் ஆண்டு 2604 என்று போட்டிருந்தது. ஏதோ தவறு என்று தூக்கிப்போட இருந்தேன். ஜப்பானியர் தங்கள் ஆண்டுக்கணக்கைத்தான் இங்கே நடத்தினார்கள். 2602 என்றால் 1942, 2604 என்றால் 1944. அந்தச் சீட்டில் உள்ள பெயர்தான், சயாமுக்குப் போகாமல் அப்பா இங்கே இருந்ததற்கு எங்களிடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று.

சாவுச் சடங்கைப் பற்றி யாரும் கல்யாணத்துக்கு முன் பேசுவதில்லை. பேசிவிடுங்கள். 1996இல் அப்பா இறந்தபோது இரண்டு பக்கத்துச் சொந்தமும் வாசலில் நின்று வாதாடியது. எரிப்பதா புதைப்பதா, எத்தனை நாள், யார் வெள்ளைச் சட்டை போடுவது. அம்மா ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார், அவரை யாரும் கேட்கவில்லை. அதனால் அம்மாவிடம் மறு வருஷமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். தன்னை அப்பாவைப் போலவே எரிக்க வேண்டும், சிங் மிங் (சீனர்கள் முன்னோர் சமாதிக்குப் போகும் நாள்) அன்று போபோவின் சமாதிக்குப் போவதை நாங்கள் நிறுத்தக்கூடாது, இரண்டே விஷயம். 2003இல் அவர் போனபோது ஒரு சத்தமும் இல்லாமல் காரியம் முடிந்தது.

கோயிலையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் புது நிர்வாகம் வந்தது. இளைஞர்கள் வீட்டுக்கே வந்து, இந்த வருஷம் நீங்கள் பால்குடம் எடுக்க வேண்டும், முதல் குடம் உங்களுடையது என்று அம்மாவைக் கேட்டார்கள். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. அம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார், நன்றி சொன்னார், திருவிழா அன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். வந்து, முப்பது வருஷமாக நின்ற அதே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். கூப்பிடப் போன என்னிடம், "இங்கேருந்தே அம்மன் நல்லாத் தெரியுது" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஊர் மனம் மாறிவிட்டது என்பதற்காக, காயம்பட்டவர் உடனே உள்ளே வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு கொடுமை.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று என் மாணவி கேட்டாள். நேராகக் கேட்டால் அப்பா சொல்ல மாட்டார். "அதெல்லாம் பழைய கத" என்பார். 1994 பள்ளி விடுமுறையில் கேசட் ரெக்கார்டரை மேசையில் வைத்துவிட்டு, மரவள்ளிக் கிழங்கு அவித்து இருவருக்கும் நடுவில் வைத்தேன். அம்மா போருக்குப் பின் அதைத் தொட்டதில்லை, அன்றும் தொடவில்லை. ஆனால் அந்த வாசனைக்கு இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்களிடம் கேட்கப் போகிறவர்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார், உண்மை அங்கேதான் வரும். நடுவில் மௌனம் வந்தால் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டு பாயாதீர்கள்.

அந்தக் கேசட்டின் முதல் பக்கத்தின் முடிவில் அப்பா அவருடைய வழக்கமான கதையைச் சொல்கிறார். பரண், இருட்டு, வாழையிலை, கிழங்கு, உப்பு. "அந்தப் பஞ்சத்துலயும் அவங்க வீட்டு உப்ப எனக்குப் போட்டா." பிறகு ஒரு மௌனம். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் ஓடுகிறது. நான் எதுவும் கேட்கவில்லை.

"அது எங்க வீட்டு உப்பு இல்லீங்க" என்கிறார் அம்மா. "எங்களுக்கு ஏது உப்பு? நான் லயத்த விட்டுப் போறப்ப அத்தை ஒரு செரட்டையில போட்டுத் துணியில கட்டிக் குடுத்தாங்க. யாருக்கும் சொல்லாதன்னாங்க. அடுப்புக்கு மேல ஒரு வருசம் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். நீங்க வந்தப்பத்தான் அவுத்தேன்."

ஐம்பது வருஷம் அம்மா அதைச் சொல்லவில்லை. அப்பாயி அப்போது உயிரோடும் இல்லை.

டேப்பில் மறுபடி மழை. அப்பா மெதுவாக, "எங்கம்மா உப்பா?" என்று கேட்கிறார். அம்மா பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் முடிந்துவிடுகிறது.